ஆற்றங்கரையில் என்னை "அண்ணை" என்றவன்

இன்று காலை ஹைலன்ட் கிரீக் ஆற்றில் சால்மன் மீன்கள் எதிர்நீச்சல் போடுவதைப் பார்க்கப் போனேன். நடு ஆற்றில் ஒரு கொக்கு அசையாமல் நின்றது.

பக்கத்தில் நின்றவர் தன் ஃபோனில் ஒரு வீடியோ காட்டினார். "இதைப் பாருங்கோ அண்ணை. பி.சி. மாகாணத்தில கரடி வாயைத் திறந்துகொண்டு நிக்குது, மீன் தானாப் பாய்ஞ்சு வந்து விழுது. எங்கட கொக்கு பாவம், விடியத்தொடக்கம் தவம்."

குரலில் ஆளைத் தெரிந்துவிட்டது. இளவயதில் பார்க்டேலில் என்னோடு ஒரே வாடகை அறையில் இருந்தவன். எனக்குப் பேசிய பெண்ணின் வீட்டார் விசாரித்தபோது, "பெடியன் குடிகாரன்" என்று சொல்லிக் கலியாணத்தைக் குழப்பியவன். அன்றுவரை நான் பியர்கூடத் தொட்டதில்லை.

இவனைக் கண்டால் என்ன கேட்பது என்று இத்தனை வருடமாக வசனம் வசனமாக வைத்திருந்தேன்.

"என்னைத் தெரியேல்லையோ?" என்றேன்.

உற்றுப் பார்த்தான். "கோயிலில கண்ட மாதிரிக் கிடக்கு. அண்ணை எந்த ஊர்?"

அந்த நேரம் கொக்கு தன்னைவிடப் பெரிய மீனொன்றைக் குத்தியது. மீன் தப்பிவிட்டது. "ஐயோ, விட்டிட்டுது!" என்று உண்மையாகவே கவலைப்பட்டான்.

ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன்.

செய்ததையே மறந்தவனை மன்னிக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆனால் "அண்ணை" என்றதை மன்னிக்கவே மாட்டேன். என்னைவிட அவன் இரண்டு வயது மூத்தவன்.