எங்கள் ஆள் இல்லை

சந்தேகம் என்பது அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தொழில் கொடுத்த சீதனம். சத்தமே போடாமல் ஓடுகிற லிஃப்டைத்தான் முதலில் திறந்து பார்ப்பார். இருபத்தாறு வருஷமாக அந்த நகரத்து மாடிகளுக்கு நடுவே கிரீஸ் கையோடு தொங்கியவர். அவர் பிறந்ததும் அங்கேதான், அவருடைய அப்பா பிறந்ததும் அங்கேதான். தாத்தா மட்டும் கப்பலில் வந்து இறங்கியவர்.

இன்னும் ஏழு வாரத்தில் நகரம் வேறொரு அரசின் கைக்குப் போகிறது. வருகிற அரசு தன் இனத்தாரை மட்டுமே குடிமக்களாக ஏற்கும். போகிற அரசோ, வேறு போக்கிடம் இல்லாத சிறுபான்மையினருக்குத் தன் பாஸ்போர்ட்டைத் தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்குத் தாத்தாவின் நாட்டுத் தூதரகம் 'இவர் எங்கள் ஆள் இல்லை' என்று எழுதித் தர வேண்டும். தராவிட்டால் அவரும் மனைவியும் மகளும் பிறந்த ஊரிலேயே அந்நியர்கள்.

"பொண்ணு கேட்டுப் போறவங்களப் பாத்திருக்கேன். வேண்டாம்னு சொல்லுங்கன்னு கேட்டுப் போற ஆளு நீங்கதான்" என்றாள் மனைவி, தூதரக வாசலில்.

"சிரிக்காத. அங்க தண்ணி குடுத்தாக்கூட வாங்க மாட்டேன்."

உள்ளே வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். இந்தக் கையெழுத்தே நாளைக்கு இவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பம் என்று ஆகிவிட்டால்? பேனா தேடுகிற பாவனையில் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே நழுவினார்.

தூதரக அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். மெக்கானிக் கையை அரைகுறையாக நீட்டினார். எந்த அலுவலகத்திலும் யாரும் அவருக்காக எழுந்ததில்லை.

"உக்காருங்கய்யா. உங்க ஜனங்களப் பத்தி எங்க அரசாங்கத்துக்கு ரொம்பக் கவலை. ரெண்டு அரசாங்கத்துக்கும் எழுதியிருக்கோம். டீ சொல்லவா?"

"வயிறு சரியில்லீங்க."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் ஞாபகம் வந்தது. கடிதம் தயாராகவே இருந்தது. வாங்கிப் படித்தார்: 'எங்கள் மண்ணின் வழித்தோன்றலான இவர் விரும்பினால், எங்கள் குடியுரிமை உடனே வழங்கப்படும்.'

கம்பி அறுந்த லிஃப்ட் மாதிரி நெஞ்சு இறங்கியது. இந்த ஒரு வரி போதும். 'உங்களுக்குத்தான் நாடு இருக்கிறதே' என்று போகிற அரசு கையைக் கழுவிவிடும்.

"சார், இந்தப் பாசத்தை மட்டும் எடுத்துடுங்க."

"என்ன சொல்றீங்க?"

"உங்க நாட்டுல ஒரு ராத்திரி தங்கினதில்ல. நீங்க தர்றேன்னு எழுதினா அவங்க தர மாட்டாங்க. நெஜமாவே கவலைன்னா, இவன் எங்களுக்கு யாருமில்லன்னு எழுதுங்க."

அதிகாரியின் முகம் சுருங்கியது. "சொந்த ஜனத்தையே கைவிட்டோம்னு எங்களுக்குப் பேரு வருமே?"

ஓஹோ, கவலை இதுதானா!

"பேரு கெட்டா உங்களுக்கு இன்னொரு பேரு வரும் சார். எம்பொண்ணுக்கு இன்னொரு ஊரு வராது."

வெகுநேரம் பேனாவை உருட்டிய அதிகாரி, கடைசியில் இரண்டே வரி தட்டச்சு செய்து முத்திரை குத்தினார். 'இருப்பினும்' என்று ஏதாவது எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மெக்கானிக் மூன்று முறை படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

வாசலில் மனைவி பிடுங்கிப் படித்தாள். "இவ்வளவு லேசுலயா குடுத்தாங்க? எனக்கென்னமோ சரியாப் படல."

"எனக்குந்தான். நட, பாஸ்போர்ட் ஆபீசுக்கு. அந்த மனுஷனுக்கு மறுபடி நம்ம மேல பாசம் வர்றதுக்குள்ள இதக் குடுத்துடணும்."