கட்டு மாற்ற வரும் கார்குழலி

கதவைத் திறந்தவர்கள் "வாங்க சிஸ்டர்" என்று சொல்லி முடிப்பதற்குள், "குழாய் எங்க இருக்கு?" என்று கேட்டுவிடுவார் கார்குழலி. நாற்காலி, காப்பி எல்லாம் அப்புறம். சோப்பு அவர் பையிலேயே இருக்கும். முழங்கை வரை நுரை பொங்கத் தேய்த்துக்கொண்டே உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பார். மந்திரமோ என்று எண்ணிச் சில வீடுகளில் பயபக்தியோடு ஒதுங்கி நிற்பார்கள். அது பதின்மூன்றாம் வாய்ப்பாடு. நூற்று முப்பது வரை நிதானமாக ஒப்பித்து முடித்தால்தான் கை சுத்தமானதாக அர்த்தம். "பன்னெண்டு எனக்குக் கடகடன்னு வந்துடும், அதான் பதிமூணு" என்பார்.

நாற்பத்து நான்கு வயது. இதய அறுவை சிகிச்சை வார்டில் பத்தொன்பது ஆண்டுகள் நர்ஸாக இருந்தவர். அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களின் புண்ணைப் பார்த்துவர இப்போது மருத்துவமனை அவரை அனுப்புகிறது. காலை ஏழரைக்கு நகரோரத்து மேட்டுப்பாளையத்து வீட்டிலிருந்து ஸ்கூட்டர் கிளம்பிவிடும். கையில் வளையல், மோதிரம், வாட்ச் எதுவும் கிடையாது. மணி தெரிய வேண்டுமென்றால் நோயாளியிடமே கேட்பார். சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்து அவர் பதில் சொல்கிற விதத்திலேயே ஆள் எப்படி இருக்கிறார் என்பது பாதி விளங்கிவிடுமாம். துய்மா வீதியில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பெரியவர் அவரை "மதாம்" என்று கூப்பிடுவார். உப்பளம் பகுதியில் "யம்மா". இரண்டுக்கும் ஒரே "ம், சொல்லுங்க" தான்.

அவர் பார்க்கிற புண் சாதாரணமானதல்ல. இதயத்தைத் தொடுவதற்காக நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, வேலை முடிந்ததும் கம்பி போட்டுச் சேர்த்து, மேலே தோலைத் தைத்திருப்பார்கள். உள்ளே எல்லாம் சரியாகி ஆள் நடமாடத் தொடங்கிய பிறகும், அந்தத் தையலின் ஓர் ஓரத்தில் கிருமி புகுந்தால் போதும், எலும்பு வரை இறங்கிவிடும். அதனால் கார்குழலிக்கு அவசரமே கிடையாது. தோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு முடி இழுபடாமல் பிளாஸ்திரியை மெல்ல உரிப்பார். எடுத்த துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஈரமா, என்ன நிறம், வாடை உண்டா என்று பார்த்த பிறகுதான் புண் பக்கம் திரும்புவார். சிவந்திருந்தால் பால்பாயிண்ட் பேனாவால் அதைச் சுற்றி ஒரு கோடு. "இந்தக் கோட்டத் தாண்டுச்சின்னா உடனே போன் போடுங்க." புதுப் பிளாஸ்திரி ஒட்டும்போது ஒரு மூலையை மட்டும் மடித்துவிடுவார், அடுத்த முறை உரிக்க நகம் படக்கூடாது என்று.

யாரையும் அவர் திட்டுவதில்லை. ஒரு காலத்தில் திட்டியிருக்கிறார். ஆறு வருடங்களுக்கு முன், புண் கட்டு நனையும்படி விட்டுவிட்ட ஒரு பெண்ணை வார்டே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார். வீட்டுக்குப் போன அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு வந்தபோது கிருமி எலும்பில் இருந்தது. நாற்பது நாள் போராடியும் பிழைக்கவில்லை. "அந்த நர்சம்மா திட்டும்னு சொல்லாம இருந்துட்டாளாம்" என்று அவளுடைய தங்கை, பக்கத்தில் நிற்பது யார் என்று தெரியாமலே, கார்குழலியிடம் சொல்லி அழுதாள்.

போன ஆடி மாதம் உப்பளத்தில் மண்ணாங்கட்டி வீட்டுக்குப் போனார். அறுபத்தொரு வயது மனிதர். பஞ்சாலை மூடிய பிறகு ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தவர். சர்க்கரை உண்டு. பைபாஸ் ஆகி அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். வாய் ஓயாத ஆள். "நெஞ்சத் தொறந்து பாத்தாங்களே, உள்ள இன்னாதான் இருந்துச்சாம்? டாக்டரு எதுனா சொன்னாரா?" என்று போன தடவை கேட்டுவிட்டுத் தானே சிரித்தவர், அன்று மின்விசிறிக்கு அடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மணி இன்னாண்ணே?"

"இருக்கும் பத்து" என்றார், கடிகாரத்தின் பக்கம் திரும்பாமலே.

சட்டையை விலக்கியதும் பிளாஸ்திரியின் நான்கு மூலையும் ஒட்டியிருந்தது தெரிந்தது. மடிப்பு இல்லை. தான் ஒட்டியது இல்லை என்று கார்குழலிக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் உரித்தார். துணியெல்லாம் மஞ்சள். தையலின் கீழ்முனையில் மஞ்சள்தூள் சேறாகிக் கிடக்க, அதற்குள்ளிருந்து கலங்கலாக நீர் கசிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். மண்ணாங்கட்டியின் மனைவி வசந்தா கதவோரம் நின்று, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

"நான்தான் வச்சேன்" என்றார் வசந்தா. "முந்தாநேத்து துணி ஈரமா இருந்துச்சி. ஒங்கிட்ட சொன்னா திருப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயிடுவ. அந்த மிஷினுங்க நடுவுல இவரு கெடந்தத நான் பாத்தேனே... இன்னொருவாட்டி என்னால ஆவாது கண்ணு."

"அவளத் திட்டாதம்மா" என்றார் மண்ணாங்கட்டி. "சொல்லாதன்னு சொன்னவன் நானு."

ஆறு வருடத்துக்கு முந்தைய அந்தப் பெண்ணின் முகம் கார்குழலியின் கண்முன் வந்து நின்றது. கை மட்டும் நிற்கவில்லை. உப்பு நீரில் நனைத்த துணியால் மஞ்சளைத் துடைத்து எடுத்தது, சிவப்பைச் சுற்றிக் கோடு போட்டது, காய்ச்சல் பார்த்தது. நூற்றொன்று. பிறகு நெஞ்செலும்பின் மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்துக்கொண்டு, "மெதுவா ஒருவாட்டி இருமுங்கண்ணே" என்றார்.

இருமினார். கிருமி உள்ளே இறங்கியிருந்தால், கம்பி போட்டுச் சேர்த்த எலும்பு கைக்கு அடியில் ஆடும். அசையவில்லை. இன்னொரு முறை இருமச் சொன்னார். அப்போதும் அசையவில்லை. கார்குழலி மூச்சை விட்டது அந்த அறைக்கே கேட்டது.

"அண்ணி, இங்க வாங்க. ஈரமா இருக்குன்னு பாத்தீங்களே, அது நல்ல காரியம். மறைக்காம சொன்னீங்களே, அது அதவிட நல்ல காரியம். மஞ்சளு இந்தப் புண்ணுக்கு ஆவாது, அவ்ளோதான். எலும்பு இன்னும் ஆடல. இன்னிக்கே போனா மேலோட சரி பண்ணிடலாம்."

"நாளைக்குப் போனா?"

"எனக்குத் தெரியாது அண்ணி. பொய் சொல்லமாட்டேன்."

வசந்தா முந்தானைக்குள் சுருட்டியிருந்த கைகளை வெளியே எடுத்தார். "நீ கூட இருப்பியா?"

"உள்ள படுக்க வைக்கிற வரைக்கும் இருக்கேன்."

அறுவை செய்த டாக்டர் இனியவனுக்குப் போன் போனது. ஸ்கூட்டர் அங்கேயே நின்றது. ஆட்டோவில், நெஞ்சு குலுங்காமலிருக்க, ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால், "தலவாணியக் கட்டிப் புடிங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே போனார் கார்குழலி. அன்றைக்குக் காத்திருந்த மற்ற மூன்று வீடுகளுக்கும் போகிற வழியிலேயே தகவல் சொல்லிவிட்டார்.

கீழ்முனையில் இரண்டு விரற்கடை அளவுக்குத் தையலைப் பிரித்துக் கழுவினார்கள். கிருமி எலும்பைத் தொடவில்லை. எட்டு நாள் ஊசி மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பின் ஒரு மாதத்துக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கார்குழலிக்கு விடுமுறை. ஆனாலும் வந்தார். அவர் வருவதற்கு முன்பே, காலை ஆறு மணிக்கெல்லாம், வசந்தாவின் குரல்பதிவு போனில் வந்து விழுந்திருக்கும். "கண்ணு, கட்டு மேல ஈரம் இல்ல. காச்சலு இல்ல. ராத்திரி குறட்டதான் தாங்கல." கார்குழலி அதைத் தன் கணவருக்கும் போட்டுக் காட்டிச் சிரிப்பார்.

புரட்டாசியில் ஒரு நாள் துணியை எடுத்துப் பார்த்தார். உலர்ந்து வெள்ளையாக இருந்தது. குழி மூடி இளஞ்சிவப்பாகத் தோல் வந்திருந்தது. புதுத் துணி எதையும் அவர் பிரிக்கவில்லை.

"இனிமே கட்டு வேணாம்ணே."

மண்ணாங்கட்டி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். "வேணாமா? ஒரு சின்னத் துணியாவது ஒட்டும்மா. பப்பரப்பான்னு தொறந்து கெடக்கற மாரி இருக்கு."

"இன்னா பயம் இந்த மனுஷனுக்கு" என்று வசந்தா சிரித்தார். மண்ணாங்கட்டி சிரிக்கவில்லை. கை நெஞ்சுக்கு அருகில் போய், தொடப் பயந்து, அந்தரத்தில் நின்றது.

கார்குழலி கையுறைகளைக் கழற்றிவிட்டு, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து வந்தார். ஒரு கை, பிறகு மறு கை என்று அவருக்கு அதை மாட்டிவிட்டார். பின் அவர் எதிரே குனிந்து, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டார்.