என் சட்டியில் உப்பு இல்லை

முதலில் வீங்கியது முகம்தான். ஆடி மாதம் விடியலில் எழுந்தால் கண் திறக்க முடியாமல் இமைகள் தடித்திருக்கும். பொழுது சாயும்போது வீக்கம் காலுக்கு இறங்கிவிடும். நாற்று நட்ட ஈரம் என்று சொல்லியே ஒரு மாதத்தை வீணாக்கினேன். இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படி இருந்தால் கழனித் தண்ணீரின் மேல் பழியைப் போடாதீர்கள்.

எங்கள் ஊரான உறுவையாற்றிலிருந்து வண்டி கட்டி என் கணவர் என்னைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் தமிழர், பிரெஞ்சுப் படிப்புப் படித்தவர். என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காட்டினார். அது வெந்த முட்டையின் வெள்ளைக்கருபோல் திரண்டது. அல்புமின் (உடம்பு வெளியே விடக்கூடாத சத்து) போகிறது, வந்திருப்பது நெஃப்ரீத் (சிறுநீரகம் புண்படும் நோய்) என்றார்.

“இனிமே ரெழீம் (பத்திய உணவு) தான் மருந்து. உப்பு ஒரு கல்லுகூட ஆவாதும்மா. பாலும் சோறும் சாப்பிடுங்க.”

“எத்தினி நாளிக்குங்க?”

“வீக்கம் வத்துற வரைக்கும். வத்தலேன்னா ஆயுசுக்கும்.”

வீட்டில் சொன்னதும் என் மாமியார் மகனிடம் நேராகவே பேசினார். “டேய், இவள அவுங்க அம்மா வூட்ல வுட்டுட்டு வா. நல்லானா வரட்டும். கொழந்தைய நான் பாத்துக்கறேன்.” எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது. நோயோடு தாய்வீடு போன பெண்கள் சிலர் திரும்பாமலே போனதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் கணவர். எனக்குக் கிடைத்த தவணை அவ்வளவுதான்.

பால் சோறு மூன்றே நாளில் குமட்டியது. நான் நோயாளிதான், கைக்குழந்தை இல்லை. உப்புப் பானையைக் கண் மறைவாக வைக்கலாமா என்று கேட்டதற்கு, உப்பு நகர்ந்தால் லட்சுமி போய்விடுவாள் என்றார் மாமியார். லட்சுமியும் இருக்கட்டும், நானும் இருக்கிறேன் என்று எனக்கென்று ஒரு புதுச் சட்டி வாங்கிக்கொண்டேன். பழைய சட்டிகளில் பல வருடத்து உப்பு ஊறிக் கிடந்தது.

முதல் நாள் வைத்த கத்தரிக்காய்க் குழம்பு மண்ணாக இருந்தது. நாய்க்கு ஊற்றினேன், அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. விடவில்லை. கொத்தமல்லி விதையைக் கருகும் பதத்துக்கு வறுத்தேன். பூண்டைத் தணலில் சுட்டு நசுக்கினேன். எள்ளை வறுத்துப் பொடித்துத் தூவினேன். சட்டியை இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தேன். உப்பு இல்லாவிட்டால் நாக்கு புளிப்பையும் சுட்ட வாசனையையும் பிடித்துக்கொள்ளும், இதை எந்த டாக்டரும் சொல்லித் தரமாட்டார். மாதம் முடிவதற்குள் வீக்கம் வற்றியது. கணவரே என் சட்டியிலிருந்து ஒரு கரண்டி கேட்டு வாங்கினார்.

புரட்டாசியில் எலுமிச்சை கிடைக்கவில்லை. வீட்டுப் புளியைக் கரைத்து ஊற்றத் தொடங்கினேன். பத்து நாளில் இமைகள் மறுபடி தடித்தன.

“யாருக்கும் தெரியாம உப்ப அள்ளித் துன்றா,” என்றார் மாமியார். பானையில் இருந்த உப்பைச் சமன்செய்து மேலே விரலால் கோடு போட்டு வைத்தார். அந்த வருடம் எங்கள் பிரெஞ்சு எல்லைக்கு அப்பால், இங்கிலீஷ்காரர் ஆண்ட பக்கத்தில், உப்புக் காய்ச்சியவர்களை ஜெயிலில் போட்டார்கள். உப்பே தொடாத என்னை என் வீட்டில் திருடி ஆக்கினார்கள். மறுபடி காட்டப் போனபோது டாக்டரும், “ஒளிச்சுத் தின்னா நட்டம் எனக்கில்லம்மா,” என்றார். கணவர் என்னைப் பார்த்தார். நம்பாத பார்வை. அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. வியாழக்கிழமை என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவானது.

செவ்வாய்க்கிழமை புளிப்பானைக்குள் கைவிட்டு அடியிலிருந்து ஓர் உருண்டை எடுத்தேன். உள்ளங்கையில் இரண்டு உப்புக் கற்கள் ஒட்டியிருந்தன. சித்திரையில் கொட்டை நீக்கி, புழு பிடிக்காமல் இருக்க அடுக்குக்கு ஒரு பிடி கல்லுப்பு போட்டு அந்தப் புளியை அடைத்தது நானும் மாமியாரும்தான். வருடா வருடம் செய்வதுதான். ஆனால் புளிக்குள் போன உப்பை நாங்கள் யாரும் உப்பாக நினைப்பதே இல்லை. அது புளி, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை புளிப்பானையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

“ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்க.”

“இன்னாத்துக்கு?” என்றார் கணவர்.

“திருடியப் புடிச்சிட்டேன், காட்டறதுக்கு.”

டாக்டரின் மேசையில், காகிதங்களுக்கு நடுவில், பானையை வைத்தேன். ஒரு துளி கிள்ளி வாயில் போட்டவர் முகம் சுளித்தார். “உப்பு கரிக்குதேம்மா!”

“ஒரு கல்லுகூடத் துன்னலன்னு சொன்னனே, கேட்டீங்களா?”

அவர் பேனாவை எடுத்தார். “கேக்காதது என் தப்புதான். வேற எதுலல்லாம் உப்பு போட்டு வெப்பீங்க, சொல்லுங்க.” அப்பளம், வடகம், மோர்மிளகாய், நார்த்தங்காய், கருவாடு என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: உப்புப் பானையை மட்டும் பார்க்காதீர்கள், போன வருடம் உப்புப் போட்டதையெல்லாம் நினைத்துப் பாருங்கள்.

வண்டி உறுவையாற்றுக்கே திரும்பியது. மாமியாரிடம் கணவர்தான் சொன்னார். மாமியார் உப்பின் மேல் தான் போட்ட கோட்டைக் கையால் கலைத்தார். புளிக்குப் பதில் புளிச்சக்கீரையும் நெல்லிக்காயும் என்னைத் தை மாதம்வரை கொண்டுவந்து சேர்த்தன. அப்போது டாக்டர் விளக்கில் காட்டிய குழாயில் மெல்லிய கலங்கல் மட்டும் இருந்தது. தினம் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக்கொள்ளலாம் என்றார் டாக்டர். போட்டேன். நாக்கு எரிந்தது, அந்தக் குழம்பைக் கணவருக்குத் தள்ளிவிட்டேன். வெறும் கீரையில் இருக்கும் உப்பு இப்போது எனக்குத் தெரிகிறது. இந்த உடம்பு பழைய உடம்பு இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

சித்திரையில் புதுப் புளி வந்தது. உப்பை அள்ளிய மாமியார் கையை நிறுத்தினார்.

“உனுக்கு உப்பு போடாம எம்மாம் எடுத்து வெக்கட்டும்?”

எத்தனை நாள் இருப்பேன் என்று டாக்டர் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

“ஒரு வருசத்துக்கு எடுத்து வையுங்க, அத்தே,” என்றேன்.