தண்ணீருக்கு ஐந்து எழுத்து

பேச்சு போன பிறகு ஏழு மாதம் என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். 'ஆமா.'

அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. வீடு ராஜபாளையத்தில். வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் சென்டர். வக்கீல்கள் கொடுக்கும் ஆங்கில மனுக்களை இருபத்தாறு வருஷம் அடித்தவன் நான். ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராது. ஆனால் எழுத்துகள் விரலில் இருந்தன. ஒருநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது வலது கை பிரஷ்ஷை விட்டுவிட்டது. குனிந்து எடுக்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். மூளையில் இடது பக்கம் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். வீடு திரும்பியபோது வலது கையும் காலும் பாதிதான் என்னுடையவை. பேச்சு சுத்தமாக இல்லை.

உள்ளே எல்லாம் இருந்தது. அதைத்தான் யாருக்கும் சொல்ல முடியவில்லை. மனைவி கேட்பது விளங்கும், பதிலும் தயாராக இருக்கும், வாயைத் திறந்தால் 'ஆமா'. "வலிக்குதா?" என்றால் ஆமா. "வலி விட்டுருச்சா?" என்றாலும் ஆமா. இல்லை என்று சொல்ல நினைத்தே நெற்றி வேர்த்துப்போகும். தலையும் அந்தச் சொல்லோடு சேர்ந்துகொண்டு மேலும் கீழுமாகத்தான் ஆடும். "சாப்டீங்களா?" என்று கேட்டவர்களுக்கு ஆமா சொல்லி இரண்டு வேளை பட்டினி கிடந்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மதியம். வெயில் கூரையைத் துளைத்துக்கொண்டிருந்தது. மனைவி ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து, "தண்ணி குடிச்சீங்களா?" என்றாள். குடிக்கவில்லை. தொண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. 'ஆமா' என்றேன். சரியென்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கட்டிலில் என் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் இரண்டாம் வருஷம். போனில் ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அவளுக்குத் தினமும் வேண்டும். தானாகப் பேசிக்கொண்டே விளையாடுவாள். "ரெண்டாவது ஏ, மூணாவது டி, கடைசில ஈ, ஆர். லேட்டர் போட்டேன், எல் கிடையாதுங்குது. கேட்டரும் இல்ல. இன்னும் ஒரு தடவதான் இருக்கு" என்று போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

நான் பார்த்தது அந்தக் கட்டங்களை அல்ல. கீழே இருந்த எழுத்துப் பலகையை. டைப்ரைட்டர் விசைகள் இருக்கும் அதே வரிசை. என் இடது கை தானாக எழுந்து போனது. டபிள்யூ, ஏ, டி, ஈ, ஆர். அடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அந்த ஐந்துமே இடது கை விரல்களுக்கு உரியவை.

ஐந்து கட்டமும் பச்சையாயின.

மகள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா, அப்பா கண்டுபிடிச்சிட்டாங்க" என்று அடுப்படிக்கு ஓடினாள். மனைவி மாவுக் கையோடு வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உடனே சுந்தரபாண்டியத்தில் இருக்கும் அவள் தம்பிக்குப் போன் போனது. அரைமணி நேரம் சந்தோஷப்பட்டார்கள். யாரும் எனக்குத் தண்ணீர் தரவில்லை.

மறுநாளே மச்சினன் குடும்பத்தோடு வந்துவிட்டான். நல்லவன்தான். எனக்குப் பயிற்சி கொடுத்தால் பேச்சு திரும்பிவிடும் என்று நிஜமாகவே நம்பினான். நாற்காலியை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தான். "மச்சான், அஞ்சு எழுத்து. உள்ள பி, எல் ரெண்டும் வரணும்." போனை நீட்டினான். டேபிள் என்று அடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து கே வரும் சொல், அதற்கடுத்து இரண்டு ஓ வரும் சொல். தலை கனத்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"இன்னும் ஒண்ணு பாப்பமா மச்சான்?"

"ஆமா."

"களைப்பா இருக்கா? இல்லேல்ல?"

"ஆமா."

எத்தனை என்று ஞாபகமில்லை. வந்திருந்த சின்னஞ்சிறுசுகள் வரை கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அதையும் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் எச் வரும் சொல் ஒன்று கேட்டான். நான் லீவ் என்று அடித்தேன். எல், ஈ, ஏ, வி, ஈ. போய்விடுங்கள் என்று சொல்ல எனக்குக் கிடைத்தது அதுதான்.

"இதுல எச் இல்லையே மச்சான்" என்றான் மச்சினன்.

மகள் போனை வாங்கிப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, நேத்து நீங்க தண்ணியாப்பா கேட்டீங்க?"

"ஆமா" என்றேன். என் ஆமாவுக்கு மதிப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தேன். அவள் திரும்பி, "மாமா, போதும். அப்பா படுக்கட்டும்" என்றாள். மச்சினன் நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டான்.

அதன் பிறகு என் தலைமாட்டில் பழைய போன் ஒன்று எப்போதும் கிடந்தது. எது வேண்டுமானாலும் ஆங்கிலத்தில் ஒரு சொல் அடிப்பேன். தமிழ் எழுத்துகளை வைத்துப் பார்த்தோம், விரல் அசையவில்லை. நான் தமிழில் அடித்துப் பழகியவன் இல்லை. ஆனால் மகள் காலேஜ் பஸ் ஏறிப் போன பிறகு பகலெல்லாம் என்னோடு இருப்பவள் மனைவி. பத்தாவது வரை படித்தவள், ஆங்கிலத்தை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஒருநாள் நான் நீட்டிய போனை அவள் வாங்கவே இல்லை. "நா கூடவே கெடக்கேன். எனக்குத் தெரியாத பாஷையிலதான் கேப்பீங்களோ?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாயைத் திறந்தேன். ஆமா என்று வந்துவிடக் கூடாதே என்று மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அந்த மதியத்தைப் போல் வேறு எந்த இடத்திலும் நான் அடைபட்டிருந்ததில்லை.

சாயங்காலம் மனைவி மகளை உட்கார வைத்து நான் அடிக்கும் சொற்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாங்கினாள். எதிரே தமிழில் அர்த்தம். அடுப்பில் உலை கொதிக்கும்போதும் நோட்டு கையில் இருக்கும். இருபது நாளில் என் போனை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். தப்பாகப் படித்துத் துண்டுக்குப் பதில் தலையணை கொண்டுவருவாள். நான் சிரிப்பேன். சிரிப்பு மட்டும் கெடாமல் இருந்தது.

எட்டாவது மாதம், இன்னொரு தோசை வைக்க வந்தவளிடம் "வேணாம்" என்றேன். அவள் தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றாள். கல்லில் இருந்த தோசை கருகிப்போனது.

இப்போது மூன்று வருஷம் ஆகிறது. வீட்டுக்குள் நிதானமாகப் பேசுகிறேன். டைப்பிங் சென்டர்க்காரர் மனுக்களைப் படம் பிடித்து அனுப்புகிறார். இடது கையாலும் வலது கையின் ஒரு விரலாலும் தினம் நாலு பக்கம் அடித்துத் தருகிறேன்.

போன மாதம் யாரிடமும் சொல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் "எங்க போணும்ணே?" என்றார். ஊர்ப் பெயர் வரவில்லை. பின்னால் ஆள் நெருக்க, வாயிலிருந்து "வியாழக்கிழமை" என்று வந்தது. "காலையிலேயே போட்டாச்சா?" என்றார் கண்டக்டர். சிலர் சிரித்தார்கள். போனை எடுக்கத் தோன்றவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, காலை இழுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாப்பிடும்போது நடந்ததை மனைவியிடம் சொன்னேன். மறுபடியும் தனியாகத்தான் போய்ப் பார்க்கப் போகிறேன் என்றும் சொன்னேன்.