முப்பது என்று காட்டிய நூல்

“சார், இழுத்துடாதீங்க! கயித்துலேர்ந்து கைய எடுங்க!”

வேலைக்குச் சேர்ந்து ஏழே மாதமான தற்காலிக கணித ஆசிரியர், தலைமை ஆசிரியரைப் பார்த்து மைதானத்தின் நடுவில் நின்று இப்படிக் கத்தினால் என்ன ஆகும்? காரைக்காலில் சுனாமி வந்து போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பள்ளியின் அறிவியல் கண்காட்சி. கத்தியது நான்தான்.

அவர் கையில் இருந்தது ராக்கெட்டின் கயிறு. இழுத்தால் கிளிப் விடுபடும், ராக்கெட் கிளம்பும். இருபத்தைந்து மீட்டர் தள்ளி, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பலர் மடியில் குழந்தைகள்.

1. சோடா பாட்டில்

ராக்கெட் என்றால் மருந்தும் நெருப்பும் இல்லை. இரண்டு லிட்டர் சோடா பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்ப். வாயில் கார்க், கார்க்கில் டியூப் வால்வு, அது பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு கிளிப்.

ஒன்பதாம் வகுப்பு கணக்குப் பாடம் முழுவதும் அந்த பாட்டிலில் ஏறிக்கொண்டது. பாட்டிலைச் சுற்றிக் காகிதப் பட்டையை ஒட்டி, பிரித்து, மூன்றாக மடித்தால் மூன்று இறக்கைகளுக்கும் இடம் கிடைக்கும். இடையில் நூற்றிருபது பாகை. மூக்குக் கூம்பு பாட்டிலின் ஆரத்தைப்போல் மூன்று மடங்கு சாய்வு நீளம் என்று வைத்தோம். சார்ட் அட்டையில் வெட்டவேண்டிய வட்டக்கோணப் பகுதியின் கோணமும் நூற்றிருபதுதான். அதே எண் இரண்டு இடத்தில் வந்ததும் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு அலை எழுந்து விழுந்தது. மூக்கு கனமாக இருக்கவேண்டும் என்று அதில் களிமண் அடைத்தோம். கால் கிலோ இருக்கும்.

“யார் தலைலயாவது விழுந்துச்சுன்னா ஒங்க ஆர்டர நான் ரின்யூவலுக்கு அனுப்பமாட்டேன்” என்று தலைமை ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட்டார். “விழாது சார், கணக்கு இருக்கு” என்றேன்.

2. தென்னைமரம்

கணக்கு இதுதான். ராக்கெட் எவ்வளவு உயரம் போகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்துக்குள் எங்கும் விழலாம் என்று வைத்துக்கொண்டேன். உயரம் தெரிந்தால் வட்டம் போடலாம்.

உயரம் அளக்க ஒரு கருவி செய்தோம். கோணமானியைத் தலைகீழாகப் பிடித்து, நேர்விளிம்பில் ஸ்ட்ராவை ஒட்டி, நடுப்புள்ளியிலிருந்து நூலில் வலைக்கு மாட்டும் ஈயக்குண்டைத் தொங்கவிட்டோம். ஸ்ட்ரா வழியே ராக்கெட்டைப் பார்க்கவேண்டும், நூல் எந்த எண்ணில் நிற்கிறது என்று படிக்கவேண்டும். படிக்கும் வேலை கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வரும் ஸ்டெல்லாவுக்கு. கை ஆடாத பெண்.

காற்றில்லாத விடியலில் ஒத்திகை விட்டோம். ராக்கெட் நேராக ஏறி, ஏவிய இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது. முப்பது மீட்டர் தள்ளி நின்ற ஸ்டெல்லா, “முப்பது சார்” என்றாள். டேபிளில் டேன் முப்பது பார்த்தேன். உயரம் பதினேழு மீட்டர்.

வளாகம் பெருக்கும் செல்லம்மா துடைப்பத்தை ஊன்றி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். “என்னா சார் பதினேழுங்குறீங்க? அந்தத் தென்னமரமே அவ்வளவு இருக்கும். அதுக்கு மேல மூணு பங்குல்ல போச்சு!”

“டேபிள் பாத்துப் போட்ட கணக்கும்மா இது.”

“டேபிளு எங்க சார் பாத்துச்சு? நாங்கல்ல பாத்தோம்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு முளையடித்துக் கயிறு கட்டி, பதினேழோடு கொஞ்சம் கூட்டி இருபத்தைந்து மீட்டரில் சுண்ணாம்பு வட்டம் போட்டேன். கடல்காற்று ராக்கெட்டை மேற்கே தள்ளும் என்று, நாற்காலிகளை வட்டத்துக்கு வெளியே கிழக்கில் போடச் சொன்னேன்.

3. பள்ளி கேட்

கண்காட்சி அன்று பிற்பகல். காற்று நன்றாக அடித்தது. பம்ப் அடித்து முடித்தாயிற்று. தலைமை ஆசிரியர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிறப்பு விருந்தினர் ஸ்டெல்லாவின் கருவியை வாங்கி, ஸ்ட்ரா வழியே எதிரில் இருந்த கேட்டைப் பார்த்தார்.

“இப்ப எவ்வளவும்மா காட்டுது?”

“தொண்ணூறு சார்.”

கண் மட்டத்தில் நேரே இருக்கிற கேட்டுக்குத் தொண்ணூறா? கோணம் சுழியம் அல்லவா இருக்கவேண்டும்? நூல் காட்டுவது ஏற்றக்கோணம் அல்ல, தொண்ணூறில் அதைக் கழித்த மீதி. அப்படியென்றால் ஒத்திகையில் ராக்கெட் நின்ற கோணம் அறுபது. உயரம் ஐம்பத்திரண்டு.

அப்போதுதான் கத்தினேன்.

“என்னங்க சார் இது, கெஸ்ட் முன்னாடி?” தலைமை ஆசிரியரின் முகம் கறுத்தது.

“கணக்கத் தப்பாப் போட்டுட்டேன் சார். ஒயரம் பதினேழு இல்ல, அம்பத்திரெண்டு. இவங்க உக்காந்துருக்குற எடத்துலயும் விழலாம்.”

“இத இப்பதான் சொல்றீங்களா?”

“இப்பதான் சார் தெரிஞ்சுது.”

அவர் என்னைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார். அடுத்த ஆண்டுக்கான ஆர்டர் கிழிவது என் காதில் கேட்டது. அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு மைக்கை எடுத்தார். “எல்லாரும் எழுந்து வராண்டாவுக்கு வாங்க. வெயில்ல உக்கார வேணாம்.”

ஒருவரும் அவசரப்படவில்லை. “நெழல்லதானே சார் இருக்கோம்” என்று மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு தாய் முணுமுணுத்தார். “புள்ளைய தூக்குங்க, அப்பறம் பேசலாம்” என்று அவரைச் செல்லம்மா விரட்டினார். ஆட்கள் நகர்ந்தார்கள். நாற்காலிகள் நின்றன.

4. மூன்றாவது வரிசை

வராண்டா கூரைக்கு அடியில் நின்று தலைமை ஆசிரியர் கயிற்றை இழுத்தார். கயிற்றோடு இன்னொரு கயிற்றை முடிந்திருந்தோம்.

சீறல். வெள்ளை நீர்வால். ராக்கெட் ஏறியது, தென்னையைத் தாண்டியது, இன்னும் ஏறியது. காற்று வாலைத் தள்ள, மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பியது. மேற்கே போகும் என்று நான் நினைத்தது கிழக்கே கவிழ்ந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலியின் நடுவில் இறங்கி, அதை இரண்டாகப் பிளந்தது.

கைதட்டல், மழை மாதிரி. நான் தூணில் சாய்ந்து, பிளந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் தலைமை ஆசிரியர் தம் அறைக்குக் கூப்பிட்டார். டீ இருந்தது.

“சத்தம் போடாம இருந்துருக்கலாம்னு தோணலையா?”

“ஒரு நொடி தோணுச்சு சார்.”

“அந்த ஒரு நொடிய யார்ட்டயும் சொல்லாதீங்க.” சிரித்தார். ஆர்டர் ரின்யூவல் ஆனது.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்தக் கருவியையும் வானத்தை நோக்கி நீட்டுவதற்கு முன், விடை ஏற்கெனவே தெரிந்த ஓர் இடத்தை நோக்கி நீட்டிப் பாருங்கள். அங்கே அது உளறினால், தப்பு உங்களுடையது என்று சத்தமாகச் சொல்லுங்கள். அவமானம் ஒரு மாலைப்பொழுதில் ஆறிவிடும். அந்த மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு இப்போது கல்லூரி வயது இருக்கும்.