ஆயில் சீலுக்குப் போட்ட நல்லெண்ணெய்

கரமனையில் எங்கள் அக்ரஹாரத்து வீட்டுக்குள் கிரீஸ் டப்பா நுழைந்ததே இல்லை. அதில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறது என்று யாரோ எந்தக் காலத்திலோ அம்மாவிடம் சொல்லிவைத்துவிட்டார்கள். சொன்னது யார் என்று தெரிந்தால் இன்றைக்கும் போய்ச் சண்டை போடுவேன். இஞ்சின் ஆயிலுக்கும் அதே சட்டம்தான். அதைத் தொட்ட கையோடு அடுக்களைக் குழாயைத் திறந்தேனோ, தீர்ந்தது. தலைக்குக் குளித்தால்தான் சோறு.

நானோ என் பைக்கை என் கையாலேயே பிரித்து மாட்டுகிற பைத்தியம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஆபீஸ் லீவானால் நான் கொல்லையில் சாக்கை விரித்து உட்கார்வேன், அம்மா வாசற்படியில் நின்று திட்டுவாள். எங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

அம்மாவுக்குப் பொன்முடி மலை பார்க்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருக்கிற ஆசை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் போய் வந்துவிட்டார்கள். கார், பஸ் எதில் ஏறினாலும் அம்மாவுக்கு வாந்தி. என் பைக்கின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, முகத்தில் காற்று பட்டால் மட்டும் ஒன்றும் செய்யாது. ஆகவே போனால் பைக்கில்தான் போக முடியும்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக முடிவு செய்தோம். வெள்ளிக்கிழமை வண்டியைப் பார்த்தால், செயின் பல்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து ஆயில் கசிகிறது. சுழலும் தண்டைக் கவ்விப் பிடித்து, இஞ்சின் ஆயிலை வெளியே விடாமல் காக்கிற ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. அதைத்தான் ஆயில் சீல் என்போம். புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். மாட்டுவதற்கு முன் அதன் உள்விளிம்பில், அதாவது உதட்டில், எண்ணெய் தடவ வேண்டும். உலர்ந்தபடி மாட்டினால் ரப்பர் கருகிவிடும். உள்ளே என்ன ஆயில் ஓடுகிறதோ அதையே தடவுவதுதான் முறை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா அந்தக் கசண்டைத் தொடாதே. உள்ளே நைவேத்யம் ஆகலை" என்றாள் அம்மா.

"இஞ்சினே அந்த ஆயில்லதாம்மா ஓடறது."

"உள்ளே என்ன ஓடினா எனக்கென்ன? உன் கையிலே படாம இருந்தாப் போறும்." உள்ளே போய், விளக்குக்கு விடுகிற நல்லெண்ணெயை ஒரு கரண்டியில் கொண்டுவந்தாள். "இதைப் போடு. சாமிக்கே விடறோம், உன் ரப்பருக்கு ஆகாதோ?"

"இது ரப்பர்மா, தோசை இல்லை."

"உனக்கு வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடப் போகிறது, இஞ்சின் ஆயில் வந்து இதைக் கழுவிவிடும் என்று சமாதானம் செய்துகொண்டு அதையே தடவி மாட்டினேன். ஆனால் சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கரமனை ஆறு கரை தொட்டு ஓடியது. நான் பஸ்ஸில் ஆபீஸ் போய் வந்தேன். பைக் தார்ப்பாய்க்கு அடியில் ஆடி மாதம் முடியும்வரை அசையாமல் நின்றது.

ஓணத்துக்கு முன்னால் வெயில் வந்ததும் கிளம்பினோம். அம்மா நார்மடிப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஃபிளாஸ்க்கும் புளியோதரையுமாக ஏறினாள். விதுரை வரை ஒரே பேச்சு. மலையடிவாரத்தில், கல்லாற்றில், ஒரு டீக்கடைக்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"சேட்டா, எண்ண ஒழுகுந்நுண்டல்லோ!"

இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரம் முழுக்க ஆயில். இனிமேல்தான் கொண்டையூசி வளைவுகள். வழுக்கும் டயரோடு அம்மாவை வைத்துக்கொண்டு எப்படி ஏறுவது? யார்மேல் என்று தெரியாத கோபத்தில் டயரை ஓர் உதை விட்டேன்.

அம்மா கடை பெஞ்சில் உட்கார்ந்து தன் ஃபிளாஸ்க் காப்பியைக் குடித்தாள். மேலே ஒரே மேகம்.

"அந்த மேகத்துக்கு அந்தண்டையோ பொன்முடி?"

"ஆமாம்மா."

"போறது போ. இவ்வளவு கிட்டக்க வந்தாச்சே."

வண்டியைப் பெட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அவளை பஸ்ஸில் கூட்டிவந்தேன். வழியெல்லாம் வாந்தி. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் சீலைக் கழற்றினேன். அசையாமல் நின்ற மாதங்களில் நல்லெண்ணெய் பிசினாக இறுகி, உதட்டைத் தண்டோடு ஒட்டிவிட்டிருந்தது. வண்டி ஓடியதும் ரப்பர் பிய்ந்திருக்கிறது. அம்மா குனிந்து பார்த்தாள். வாராவாரம் புளி போட்டு விளக்குத் தேய்க்கிறவள் அவள்.

"இது நம்ம விளக்கிலே பிடிக்கற பிசுக்குதானேடா!" என்றாள். "இனிமே அந்தக் கிரீஸோ கர்மமோ, எது வேணுமோ அதையே போடு. நான் ஒண்ணும் சொல்லலை."

அவள் பார்க்க இஞ்சின் ஆயிலைத் தடவி வேறு சீல் மாட்டினேன். உள்ளே போனபோது அடுக்களைக் குழாயை அவளே திறந்துவிட்டாள். "கையை அலம்பிக்கோ" என்றாள். இத்தனை வருஷத்தில் அது முதல் தடவை.

அந்த வாரமே கொல்லைப் பாசியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு போயிற்று. ஆபரேஷனுக்கு அப்புறம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை நடக்கிறாள். பைக்கில் ஏறுவதை மறந்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். அவர் அதைச் சொன்னபோது அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள்.

ஒரு சொட்டு ஆயில். அன்றைக்குச் சண்டை போட்டாவது தடவியிருக்கலாம். குளித்துவிட்டால் ஆயிற்று. நினைக்க நினைக்க எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இப்போதும் நான் ஆபீஸிலிருந்து வந்து வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டால் கட்டிலிலிருந்து குரல் வரும்.

"எண்ணெய் ஒழுகறதோடா?"

"ஒரு சொட்டுகூட இல்லேம்மா."

அது நிஜம். வண்டி இவ்வளவு நன்றாக என்றைக்கும் ஓடியதில்லை.

"அப்போ சரி" என்கிறாள். "மழை விடட்டும், போலாம்."