செல்விக்குக் கிடைத்த சாயங்காலம்

கற்றாழைச் சாறு காயும்போது தோலை இழுத்துப் பிடிக்கும், ஒரு பச்சை நாற்றமும் அடிக்கும். எனக்குப் பத்து வயதில், தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்களுக்கிருந்த ஒற்றை அறைக் "காம்பரா"வில் ஒரு வாரம் முழுக்க அந்த நாற்றம்தான். தங்கை செல்வியை உச்சி வெயிலில் ஆற்றுக்குக் கூட்டிப்போனது நான். தலைமுடியிலிருந்து கண்ணிமை வரை வெள்ளையாகப் பிறந்தவள் அவள், வெயில் ஆகாது. றக்வானைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகள் அவளை "வெள்ளைக்காரி" என்பார்கள். கடை வைத்திருந்த சிங்களப் பெண் செல்லமாகச் "சுது", அதாவது வெள்ளை, என்பாள். அன்று ஆற்றிலிருந்து திரும்பியபோது அவள் தோளெல்லாம் கொப்புளம்; அதற்குத்தான் அம்மா கற்றாழை பூசினாள்.

அதன்பிறகு, கொழுந்து பறிக்கப் போகும்போதெல்லாம் அம்மா அவளை உள்ளே விட்டுக் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போனாள். நாங்கள் மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடும் "எல்லே" ஆடுவதைச் செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். புண் ஆறி இரண்டு மாதமாகியும் பூட்டு திறக்கவில்லை. ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள்.

"நான் என்ன கோழிக்குஞ்சாம்மா? கூடைக்குள்ளயே மூடி வச்சிருக்க."

 மறுநாள் அம்மா வேலைக்குப் போகாமல் அவளைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த நர்ஸ் சிங்களத்தில் சொன்னதை அம்மா வீட்டுக்கு வந்து எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"ஒன் நெழலு ஒன்னவிடக் குட்டையா இருந்தா வீட்டுக்குள்ள இரு. நீண்டுருச்சுன்னா சட்டையும் தொப்பியும் மாட்டிக்கிட்டுப் போ."

அன்றைக்கே அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் பிரித்துச் செல்வியின் அளவுக்குத் தைத்தாள். நானோ லயத்துப் பிள்ளைகளிடம் கெஞ்சி, ஆட்டத்தைச் சாயங்காலம் நாலரைக்கு மாற்றினேன். கண் கூசுவதால் செல்விக்குப் பந்து சரியாகத் தெரியாது. அவளுக்காக நான் அடிப்பேன், அவள் ஓடுவாள். முதல் நாள், சட்டைக் கை காற்றில் படபடக்க அவள் ஓடி முடித்தபோது, கூடையை இறக்காமலே நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா சத்தமாகச் சிரித்தாள். செல்வியை ஆற்றுக்குக் கூட்டிப்போனதற்காக என் மேல் அவளுக்கு இருந்த கோபமும் அன்றோடு போயிற்று.

அந்த மைதானத்தில் இப்போது புல் இடுப்பளவு நிற்கிறது. ஆடிய பிள்ளைகளில் பாதிப்பேர் கொழும்பில் வேலை பார்க்கிறார்கள். செல்வி இரத்தினபுரியில் டீச்சர். போன மாதம் தோல் கிளினிக்கில் டாக்டர் அவளைக் கழுத்து முதல் கை வரை பார்த்துவிட்டு, புண்ணோ கட்டியோ ஒன்றும் இல்லை, அடுத்த வருடம் வந்தால் போதும் என்றார். கூடப் போயிருந்த நானும் அவளும் வெளியே வந்தபோது மணி ஐந்தாகியிருந்தது, எங்கள் நிழல்கள் நீண்டு கிடந்தன.

"பஸ் வேணாங்க்கா, நடப்போம்" என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள்.